பிரவீனாவின் சான்றிதழ் வயது

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கண் மருத்துவமனையை ஒட்டிய கண்ணாடிக் கடையில் பிரவீனா ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். வருகிறவர்களிடம் முதலில் வயதைக் கேட்க வேண்டும். நாற்பத்தாறு வயதுக்காரர் முப்பத்தொன்பது என்பார். அவளும் மரியாதையாக அதையே எழுதிக்கொண்டு, நாற்பத்தாறுக்கு உரிய கண்ணாடியை எடுத்து மாட்டிவிடுவாள். எழுத்து பளிச்சென்று தெரிந்ததும் மனிதர் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார். இந்த நாசூக்கை அவளுக்குக் கடையில் யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டிலிருந்தே கொண்டுவந்தது.

அவளுக்கு வயது இரண்டு விதமாக இருந்தது. பள்ளிச் சான்றிதழில் முப்பத்தாறு, ஜாதகத்தில் முப்பத்துநாலு. பத்து வருடத்துக்கு முன் அன்னூரிலிருந்து வரன் வந்தபோது மாப்பிள்ளை மோகன்குமாருக்கு இருபத்தைந்து, இவளுக்கு இருபத்தாறு. பெண் ஒரு வருடம் மூத்தவள் என்றால் காபிகூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள் என்று தரகர் கவலைப்பட்டார். கவலைப்பட்டதோடு நிற்காமல், இவளை இரண்டு வருடம் தாமதமாகப் பிறக்கவைத்துப் புதிதாக ஒரு ஜாதகமும் எழுதி வாங்கி வந்தார். பத்துக்குப் பத்துப் பொருத்தம். நிஜமாகப் பிறந்த எந்தப் பெண்ணின் ஜாதகமும் அவ்வளவு ஒத்துழைக்காது.

சான்றிதழுக்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் இரண்டு வயது கூட்டிப் போட்டுவிட்டாராம். எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே என்று மாப்பிள்ளை வீட்டார் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று முதல், போர்வெல்லில் தண்ணீர் வந்தாலும், மோகன்குமாரின் மோட்டார் ரீவைண்டிங் கடையில் கூட்டம் வந்தாலும், எல்லாம் அந்தப் பத்துப் பொருத்தம் செய்கிற வேலை என்பாள் மாமியார் பொன்னாத்தாள். கெட்டது எதுவும் நடந்தால் அதற்கு மட்டும் பிரவீனா பொறுப்பு.

கல்லூரி நாட்களில் பிரவீனா ஹாக்கி ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த மட்டை எட்டு வருடம் முருங்கைக்காய் பறித்தது. பழைய கல்லூரித் தோழி யாஸ்மின் ஒருநாள் கண்ணாடி வாங்க வந்தாள். வந்தவள் கண்ணாடியோடு இவளையும் சேர்த்து ஒரு ஹாக்கி அணிக்கு அழைத்துப்போனாள். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சனி ஞாயிறில் போட்டி என்று அறிவிப்பு வந்ததும் மோகன்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். வாத்தியார் செய்த தப்பு இப்போதுதான் உபயோகப்படுகிறது என்றான். அம்மாவிடம் மட்டும் லேடீஸ் மேட்ச் என்று சொல்லி வைத்தான்.

மைதான வாசலில் பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். கமிட்டி ஆண்கள் எட்டுப் பேர் ஆளுயரத்துக்குச் சிரித்தார்கள். ஆடப்போகும் பெண்கள் கீழே தபால்தலை அளவில் இருந்தார்கள். நடுவில் மட்டையோடு பாய்கிற பெண்ணை மட்டும் யாருக்கும் தெரியவில்லை, ஏதோ வெளிநாட்டுக்காரி.

சனிக்கிழமை அரையிறுதி காங்கேயம் அணியோடு. யாஸ்மினின் அணியில் பன்னிரண்டாவது ஆளான கிருபா கெடா விருந்துக்குப் போய்விட்டதால் மீதி இருந்தது சரியாகப் பதினொரு பேர். முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது கிடைத்த பெனால்டி கார்னரில் பிரவீனா அடித்த பந்து கோல் பலகையில் மோதிய சத்தம் டீக்கடை வரை கேட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம்.

மோகன்குமார் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினான். பக்கத்தில் இருந்தவர் மயில்சாமி, எண்ணெய் மில்காரர், காங்கேயம் அணியின் மேனேஜர். அவர் யாரென்று கேட்டுக்கொள்ளாமலே மோகன்குமார் பெருமையை அவிழ்த்துவிட்டான்.

"மத்தவங்கெல்லாம் முப்பத்தஞ்சத் தாண்டுனவங்க. எங்கூட்டு அம்மணிக்கு நெசத்துல முப்பத்துநாலுதானுங்க. சர்டிபிகேட்ல வாத்தியார் தப்பாப் போட்டுட்டாரு. அதான் இந்த வேகம்."

ரொம்பச் சந்தோஷமுங்க என்று மயில்சாமி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்படியே எழுந்து கமிட்டியிடம் போய் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் கழுத்தறுப்பதும் 'ங்க' போட்டுத்தான்.

கமிட்டி ஷாமியானாவுக்குள் போண்டா தின்றுகொண்டிருந்தது. சாட்சியாக அழைக்கப்பட்ட மோகன்குமார் செல்போனில் இருந்த ஜாதகத்தையே காட்டினான். உடனே கமிட்டி ஹாக்கியை மறந்தது. ஒருவர் ராசியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். கடைசியில் தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார். சான்றிதழ் செல்லும்தான், ஆனால் புருஷனே பொய் என்கிறார். ஆகவே ஆடியவரே சொல்லட்டும். முப்பத்துநாலு என்றால் கோலும் கிடையாது, நாளைக்கு ஃபைனலும் கிடையாது.

முழங்காலில் செம்மண்ணோடு பிரவீனா நின்றாள். பின்னால் பத்துப் பெண்கள் மட்டைகளோடு நின்றார்கள். முன்னால் மோகன்குமார் கனிவாகப் பார்த்தான்.

"நெசத்தச் சொல்லிப்போடு கண்ணு. ஒரு மேட்ச்சுக்காகப் பொய் பேச வேண்டாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. சர்டிபிகேட்தானுங்க நெசம் என்றாள். ஆட்சேபம் தள்ளுபடி ஆனது. மயில்சாமி அவளுக்கும் ரொம்பச் சந்தோஷமுங்க சொல்லிவிட்டுப் போனார்.

வீடு திரும்பும்போது காரில் கோவில்பாளையம் வந்ததும்தான் மோகன்குமார் வாய் திறந்தான். ஒரு கோலுக்காகப் பத்துப் பேர் முன்னால் பொய் பேசிவிட்டாயே, உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்றான். பத்து வருடம் பொய் சொன்னபோது நம்பியவன், முதல்முறை உண்மை சொன்னதும் பொய்க்காரி என்கிறான். தலையை ஆட்டிவிட்டிருந்தால் போதும், குடும்பம் எப்போதும்போல் ஓடியிருக்கும். ஆனால் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொய் பேசலீங்க. எனக்கு முப்பத்தாறுதான்."

கார் ஓரமாக நின்றது. மோகன்குமார் கணக்குப் போட்டான். எளிய கணக்குத்தான், இருந்தாலும் இரண்டு முறை போட்டுப் பார்த்தான்.

"அப்ப நானு?"

"ஒரு வருசம் சின்னவருங்க."

"அந்தப் பத்துப் பொருத்தம்?"

"அது வேற பொண்ணோடதுங்க. அவ இன்னும் பொறக்கவே இல்ல."

அவன் மறுபடி காரைக் கிளப்பினான். இரவு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொன்னாத்தாள் காலைக்குள் அவிநாசி வரை தகவலைச் சேர்த்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் காரை எடுத்தான். மைதானத்தில் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும்படி ஒரு மூலையில் போய் உட்கார்ந்தான். ஃபைனலில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். விழாவில் ஹாக்கியைவிட அதிக நேரம் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டாம் பரிசுக் கேடயத்தை ஆளுக்கு ஒருநாள் வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவாகி, கோல் போட்டவள் என்பதால் முதலில் பிரவீனாவிடம் கொடுத்தார்கள். மோகன்குமார் அதைக் கையில் வாங்கிப் படித்தான். பிறகு பின்சீட்டில் குப்புற வைத்தான்.

வீட்டில் பொன்னாத்தாள் அதைத் திருப்பினாள். மருமகள் கடையிலிருந்து அளவெடுத்துக் கொண்டுவந்து கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். மகளிர் ஹாக்கி. முப்பத்தைந்து. வயதுக்கு. மேற்பட்டோர். கண்ணாடி மிகச் சரியான பவர், ஓர் எழுத்தும் தப்பவில்லை. கிழவி நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள்.

மோகன்குமார் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அச்சடிச்சவன் தப்பாப் போட்டுட்டானுங்கம்மா," என்றான்.

இந்தக் காலத்தில் எவன் ஒழுங்காக வேலை செய்கிறான் என்று பொன்னாத்தாள் அலுத்துக்கொண்டாள். பிறகு, பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டினது வீண்போகுமா என்று கேடயத்தை டிவிக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தாள். மோகன்குமார் நிமிராமல் இன்னொரு செருப்பையும் கழற்றினான். சொல்லும்போது அவன் குரலில் துளித் தடுமாற்றம் இல்லை. பத்து வருடத்தில் பிரவீனாவுக்கே அது அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.