கிளிஃப்டன் தண்ணீரில் பருப்பு

“…ஒரு மணித்தியாலமாச்சு, இன்னும் கல்லு மாதிரித்தான் கிடக்குது,” என்றார் அக்கா, அகப்பையில் எடுத்த துவரம்பருப்பை விரலால் நசுக்கியபடி. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் அவருடைய குசினி. சட்டியில் கொதித்தது ஒஸ்லோத் தண்ணீர் இல்லை. டெக்சஸிலிருந்து இரண்டு போத்தலில் வந்த கிணற்றுத் தண்ணீர்.

அக்கா எனக்கு உறவில்லை. முதியோர் இல்லச் சமையலறையில் பல வருடமாக என் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரிப்பவர். அவருடைய மகள் கலியாணம் முடித்து, டெக்சஸில் கிளிஃப்டன் என்ற சிறு நகரத்துக்குப் போய்விட்டாள். “தனிய இருந்தது காணும், என்னோடை வந்திருங்கோ அம்மா,” என்று பனிகொட்டிய மாரி முழுக்கத் தொலைபேசியில் கேட்டாள். போன கிழமை நேரில் வந்தும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லி, ஒரு வெறும் பயணப் பெட்டியையும் விட்டுவிட்டுப் போனாள். அக்கா போனால் நான் யாரோடு கதைப்பது?

அந்த மாரியில் நாங்கள் இருவரும் கிளிஃப்டனைப் படித்தோம். நூலகத்தில் நோர்வே மொழியிலேயே புத்தகம் இருந்தது. அந்தப் பக்கத்தில் குடியேறியவர்களில் பலர் அந்தக் காலத்தில் இங்கே நோர்வேயிலிருந்து கப்பலேறிய விவசாயிகள். பொஸ்கி என்றொரு ஆறு. வெள்ளைச் சுண்ணாம்புக்கல் குன்றுகள், அந்தக் கல்லாலேயே கட்டிய வீடுகள். ரயில் வந்தபின் தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்த கடைத்தெரு. கல்லறைகளில், நாங்கள் தினமும் சாப்பாடு கொடுக்கும் முதியவர்களின் குடும்பப் பெயர்கள்.

“அவையை அங்கை ஆரும் வாங்கோ எண்டு கூப்பிடேல்லை. ஆத்தைக் கண்டினம், நிண்டிட்டினம்,” என்பார் அக்கா. அதைச் சொல்லப் புத்தகத்துக்கு ஒரு அத்தியாயம் தேவைப்பட்டது.

வரைபடத்தை விரித்து விரலால் அளந்தோம். “மகளின்ரை வீட்டிலையிருந்து கடைக்கு, ஒஸ்லோவிலை குறொன்லாண்டிலையிருந்து பக்கத்துத் தொய்யனுக்குப் போற தூரந்தான். நடந்திடுவன்,” என்றார் அக்கா.

அதைச் சொன்னபோது மகள் தொலைபேசியில் சிரித்தாள். “அம்மா, அது லோறென்ஸ்கூக்கிலையிருந்து ஒஸ்லோவுக்குப் போற தூரம். பஸ்ஸும் இல்லை. ரோட்டிலை நடந்தா, கார் பழுதாப் போச்சோ எண்டு நிப்பாட்டிக் கேப்பினம்.”

“அப்ப நல்ல சனந்தான்,” என்றார் அக்கா.

வேலை முடிந்து பஸ்ஸில் கண் சொருகும்போது எனக்கு அந்த ஊர் வரும். ஜன்னலுக்கு வெளியே பனிமேடுகள் மெல்லச் சுண்ணாம்புக் குன்றுகளாகும். கற்களின்மேல் ஆழமில்லாத ஆறு சத்தமில்லாமல் பரவும். வெயில் தெருவில், குளிர் ஜாக்கெட்டோடு அக்கா நடந்து போவார். ஒரு கார் பக்கத்தில் வந்து மெதுவாகும். அவர் அதில் ஏறினாரா என்று பார்க்குமுன் என் தரிப்பிடம் வந்துவிடும்.

எல்லாம் படித்தபின்பும் அக்காவுக்கு ஒரு குறை. “தண்ணி எப்பிடியெண்டு ஒருதரும் எழுதேல்லையே.” எங்கள் ஆட்கள் வீடு பார்க்கப் போனால், கூரையைப் பார்க்குமுன் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார்கள். அக்காவுக்கு அது போதாது, பருப்புப் போட்டுப் பார்க்கவேண்டும். “பருப்புக் கரையாத தண்ணியிலை கோவமும் கரையாது, பிள்ளை.” அதனால்தான் மகள் தன் வளவுக் கிணற்றிலிருந்து அந்தப் போத்தல்களைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள்.

ஒஸ்லோவின் ஏரித்தண்ணீரில் பருப்பு அரை மணியில் குழைந்துவிடும். அதனால் அக்காவின் பிறெசர் குக்கர் வருடக்கணக்காக அலுமாரிக்கு மேலே சும்மா கிடந்தது.

இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தோம். சட்டியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம் படிந்தது. பருப்பு குழையவில்லை.

“அப்ப அந்த ஊர் சரிவராது, என்னக்கா?” என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது.

அக்கா அடுப்பை நிற்பாட்டினார். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலே இருந்த குக்கரை இறக்கினார். தூசியைத் துடைத்து, மூடியைத் திறந்து, றப்பர் வளையத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு அதை ஒரு துவாயில் சுற்றி, முன்னறைக்குக் கொண்டுபோய், மகள் விட்டுப்போன வெறும் பெட்டிக்குள் வைத்தார்.