புத்தகம் தானாகத் திறக்கும் பக்கம்

புத்தகத்தின் முதுகை மேசைமேல் ஊன்றி, இரண்டு அட்டைகளையும் உள்ளங்கைகளால் நிமிர்த்திப் பிடித்து, சட்டென்று கைகளை எடுத்துவிடுகிறார். புத்தகம் ஒரு கணம் யோசித்துவிட்டு நடுவில் எங்கோ பிளந்து விழுகிறது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பக்க எண்ணைப் பார்க்கிறார். "நாப்பத்தொண்ணு. அப்பவே நெனச்சேன்" என்கிறார். பிறகு அந்தப் பக்கத்தின் அடித்தையலை நகத்தால் நெருடிப் பார்த்து, "பாவம், நூல் எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்" என்று புத்தகத்துக்காகப் பரிந்து பேசுகிறார்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவரும், கிழிந்ததைத் தைத்து ஒட்டுபவரும் அவர்தான். பிள்ளைகள் 'பசையக்கா' என்று கூப்பிடுகிறார்கள். ஐம்பத்தைந்து வயது, நல்ல உயரம். இரண்டு பெரிய பைகள் வைத்த சாம்பல் நிற மேலங்கி. ஒரு பையில் மெழுகு தடவிய நூலும் ஊசியும், மறு பையில் மரக்கரண்டியின் காம்பு. கரண்டி எப்போதோ உடைந்துவிட்டது; காம்பைத் தேய்த்து வழவழப்பாக்கி, ஒட்டிய தாளை நீவிவிட வைத்திருக்கிறார். இந்த வேலையை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய பதிவேடுகளை ஒவ்வொரு தையலாகப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். "முதல் மூணு புத்தகம் என் கையில செத்துப்போச்சு. நாலாவதுதான் பொழச்சுது" என்பார்.

அவருடைய கணவர் பேருந்து ஓட்டுகிறார். நூலகத்துக்கு அவர் வந்தால், அங்கே வழக்கமாகப் படிக்க வரும் எங்களுக்கெல்லாம் ஒரே எச்சரிக்கைதான்: "இவகிட்ட எதுவும் கிழிஞ்சிருக்குன்னு மட்டும் வாயத் தொறந்து சொல்லிடாதீங்க. எங்க வீட்டு மின்சார பில்லுக்குக்கூட அட்டை போட்டு வெச்சிருக்கா."

நூலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு பெரிய மருத்துவமனை. வார்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். அதனால் பள்ளி விட்டதும் சில பிள்ளைகளை இங்கே உட்கார வைத்துவிட்டுப் பெரியவர்கள் வார்டுக்குப் போவார்கள். பசையக்காவின் மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. திரும்பி வரும் புத்தகங்களுக்குள் அடையாளமாக வைத்து மறந்துபோனவை அதில் சேரும்: கொண்டை ஊசி, பேருந்துச் சீட்டு, ஐஸ் குச்சி, நோயாளியின் மணிக்கட்டில் கட்டும் பிளாஸ்டிக் பட்டை. பட்டைகள் மட்டும் ஏழு.

நோயுற்ற அம்மா, படுத்துவிட்ட அப்பா வரும் கதைப் புத்தகங்கள் எவையென்று அவருக்கு மனப்பாடம். எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் நிற்பார்கள் என்பதும் தெரியும். "சாவு வர்ற பக்கம்தான் அழுக்காயிருக்கும்னு எல்லாரும் நெனக்கிறீங்க. அந்தப் பக்கம் சுத்தமா இருக்கும். ஒரு தடவை படிப்பாங்க, தாண்டிடுவாங்க. இந்தக் கதையில வர்ற பொண்ணு பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போறா பாருங்க, அங்க ஒரு ஜோக்குக்குச் சிரிச்சுடுறா, அப்புறம் 'ஐயோ, சிரிச்சிட்டமே'ன்னு தட்டையே பாத்துட்டு இருக்கா. அதான் நாப்பத்தொண்ணு. அங்கதான் பெருவிரல் ரேகை."

எழுதுகிறவர்கள் அவரிடம் மாட்டிக்கொண்டால் தப்புவது கடினம். தம் சிறுவர் நூலை அன்பளிப்பாகத் தர ஒருவர் வந்திருந்தார். பசையக்கா நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கேட்டார்: "அம்மா நட்சத்திரமாயிட்டாங்கன்னு முடிச்சிருக்கீங்களே, மழைக்காலத்துல அந்தப் பிள்ளை எங்கங்க போய்த் தேடும்?" வந்தவர் அசடு வழியச் சிரித்து, அடுத்த பதிப்பில் பார்ப்பதாகச் சொன்னார். "அடுத்த மழைக்கு முன்னாடி பாருங்க" என்றார் இவர். 'தூங்கிவிட்டார்' என்று எழுதிய புத்தகங்கள்மேல் இன்னும் கோபம். "அப்படிச் சொல்லிட்டு, அன்னிக்கு ராத்திரி அதே பிள்ளைய 'போய்த் தூங்கு'ன்னு சொல்வாங்களாம்."

இவ்வளவு கறாராகப் பேசுகிறவர் முன்பு ஒரு தவறு செய்திருக்கிறார். அதை அவர் மறைப்பதில்லை, கேட்காமலே சொல்வார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பன் வந்து, மகன் விரும்பிப் படிக்கும் புத்தகத்தில் அம்மா இறக்கும் பகுதி அவன் கண்ணில் படக்கூடாது என்று கெஞ்சினார். அவருடைய மனைவி எதிர்ச்சாரியில் படுத்திருந்தார். பசையக்கா இரக்கப்பட்டு, அந்த ஆறு தாள்களின் ஓரத்தையும் சன்னமாகப் பசை தடவி ஒட்டிக் கொடுத்துவிட்டார். புத்தகம் மூன்று வாரம் கழித்து வந்தது. தாள்கள் ஒட்டியபடியே இருந்தன. ஆனால் விரலில் ஏதோ நெருடியது.

"என் பசை மாவுப் பசை. பூச்சி அரிக்காம துத்தம் போட்டுக் காச்சினது. காஞ்சா இருக்கிற இடமே தெரியாது. இது மஞ்சளா, கட்டி கட்டியா இருந்துச்சு. பள்ளிக்கூடத்துக் கோந்து. அந்தப் பையன் பிளேடால கிழிச்சுப் படிச்சிருக்கான். படிச்சிட்டு, திரும்ப ஒட்டி வெச்சிருக்கான். யாருக்காக? அவங்கப்பாவுக்காக. எனக்காக. நாங்க தாங்கமாட்டோம்னு."

அந்தப் பையனை அதன்பிறகு அவர் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கதையின் எந்தத் தாளையும் அவர் மூடி ஒட்டியதில்லை.

சென்ற மாதம் ஒரு சிறுமி வரத் தொடங்கினாள். ஒன்பது வயது. முதல் நாளே, "இங்க ஏன் பெரியவங்க நாற்காலி ஒண்ணுகூட இல்ல?" என்று விசாரணையை ஆரம்பித்ததால் பசையக்கா அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர் வைத்துவிட்டார். வக்கீலின் அம்மா மருத்துவமனையின் நான்காம் மாடியில். அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். எண்ணெய் படிந்த நீலச் சீருடையில் வந்து மகளை விட்டுவிட்டு, எதிர்க்கட்டடத்துக்குள் படியேறிப் போவார். அவர் லிஃப்டில் ஏறி நான் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் அவர் பசையக்காவைத் தனியே அழைத்தார். "மேடம், ஒரு உதவி. சீக்கு, ஆஸ்பத்திரின்னு வர்ற கதை எதையும் அவகிட்ட குடுத்துடாதீங்க. அம்மாவுக்கு வயித்துல புண்ணு, ஆறிடும்னு சொல்லி வெச்சிருக்கோம்."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"ஆறு வாரம்னு சொல்றாரு" என்றார். எதற்கு ஆறு வாரம் என்பதைச் சொல்லவில்லை.

பெற்றவர் கேட்டுவிட்டார். பசையக்கா தலையாட்டினார். நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பச்சைப் புத்தகத்தை அப்போதுதான் முழுக்கப் பிரித்து, புது நூலில் தைத்து, புதுத்துணி ஒட்டியிருந்தார். அதை அலமாரியின் உச்சியில் தூக்கி வைத்தார். வக்கீலுக்கு யானைக் கதை, திருடன் கதை, நிலாவுக்குப் போகும் கதை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். ஒருநாள் யானைக் கதையின் நடுவில் நிமிர்ந்து, "அக்கா, வயித்துல புண்ணு வந்தா தலைமுடி கொட்டுமா?" என்று கேட்டாள்.

"அத உங்கப்பாகிட்ட கேளு கண்ணு."

"அவர்கிட்ட கேட்டா மூக்கச் சிந்துறாரு."

பசையக்கா மரக்காம்பால் ஏற்கெனவே நீவி முடித்த தாளை மறுபடியும் நீவிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் சென்றது. ஒருநாள் காலை அலமாரியைத் தூசு தட்டும்போது பச்சைப் புத்தகம் கைக்கு வந்தது. பழக்கம் விடுமா? மேசையில் ஊன்றிக் கையை எடுத்தார். புதிதாகக் கட்டிய புத்தகம் எங்கும் தானாகத் திறக்காது. விறைத்து நிற்கும், அல்லது அப்படியே ஒரு பக்கம் சாயும். இது பிளந்து விழுந்தது. நாற்பத்தொன்றில் அல்ல, இருபத்தேழில். இருபத்தேழாம் பக்கத்தில் கதைச் சிறுமி மாடிப்படியில் உட்கார்ந்து, தான் செய்த தப்புகளை விரல்விட்டு எண்ணுகிறாள். பாலைக் கீழே கொட்டினேன். கதவைப் படார் என்று சாத்தினேன். 'நீ எனக்கு அம்மாவே இல்லை' என்று கத்தினேன். இதில் எதனால் அம்மாவுக்கு நோய் வந்தது?

இரவல் பதிவேட்டின்படி அந்தப் புத்தகம் வெளியே போகவே இல்லை. அலமாரியின் அடியில், தரையில், ஸ்டூலை இழுத்த கீறல் இருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு லிஃப்ட்காரர் மகளை அழைத்துப்போக வந்தபோது, வக்கீல் கழிப்பறைக்குப் போயிருந்தாள். பசையக்கா புத்தகத்தை அவர்முன் ஊன்றினார். எங்கே வைத்திருந்தார், எப்படித் திறக்கிறது என்பதையெல்லாம் சொன்னார். கோந்து ஒட்டிய பையனைப் பற்றியும் சொன்னார். லிஃப்ட்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"குடுக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நான் குடுக்கலங்க. அவளே ஏறி எடுத்திருக்கா."

"நீங்க புத்தகம் ஒட்டுறவங்க. அதோட நிறுத்திக்குங்க. எங்க வீட்டை ஒட்ட வராதீங்க."

"சரிங்க" என்றார் பசையக்கா. புத்தகத்தை மட்டும் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவர் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தார். உதடுகள் அசைந்தன. எண்ணெய் விரல் மூன்றாவது தப்பின்கீழ் வந்து நின்றுவிட்டது. "போன மாசம்…" என்று தொடங்கினார். "ஆஸ்பத்திரிக்குக் கெளம்புற அன்னிக்கு. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வரலன்னு இதே மாதிரி ஒண்ணு கத்திட்டா. நாங்க அன்னிக்கே மறந்துட்டோம்."

"அவ மறக்கலங்க."

அவர் குட்டி மேசையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அந்த மேசைக்காகப் பசையக்கா சத்தம் போட்டிருப்பார்.

"நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க மேடம். உங்களுக்குச் சொல்லத் தெரியும். எனக்கு வாயில வராது."

"நான் சொன்னா அது கதைங்க. நீங்க சொன்னாத்தான் சேதி. ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு பேருமா சேந்து இதப் படிங்க. உங்களுக்கு வார்த்தை வராத எடத்துல அது சொல்லிக்கும். 'உன்னால இல்ல'ங்கிறத மட்டும் நீங்க உங்க வாயால சொல்லிடுங்க."

மறுநாள் மூன்றரைக்கு, வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நான் கீழ்த்தளத்துக்குப் போனேன். லிஃப்ட்காரர் மகளைப் பள்ளியிலிருந்து முன்னதாகவே அழைத்து வந்து, பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்கள் மோவாய்க்கு வந்திருந்தன. சீருடைக்கு மேல் ஒரு சுத்தமான சட்டை. வக்கீல் அவர் தோளில் சாய்ந்து நின்று, அவர் தடுமாறும் சொற்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒரு வரிய வுட்டுட்டீங்க" என்று ஒருமுறை திருத்தினாள். இருபத்தைந்தாம் பக்கத்துக்கு வந்திருப்பார்கள். பசையக்கா ஊசியைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். என்னைக் கண்ணாலேயே வெளியே தள்ளினார். தானும் வந்து கதவைச் சாத்தி, 'மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைத் திருப்பித் தொங்கவிட்டு, கதவுக் கண்ணாடிமேல் முதுகை வைத்து நின்றுகொண்டார்.

பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள்.

"அக்கா, ஏன் மூடிட்டீங்க? இன்னும் நாலுகூட ஆவல!"

"உள்ள ஒருத்தர் படிச்சிட்டிருக்காரு."

"நூலகத்துல படிக்கிறதுக்கு நூலகத்தையே மூடுவாங்களா?" என்று ஒரு வாண்டு மடக்கினான்.

"மூடுவாங்க. சத்தம் போடாம புத்தகத்த இங்க குடுத்துட்டுப் போ. பக்கத்து முனைய நாய்க்காது மாதிரி எவன்டா மடிச்சது? நாளைக்கு வா, உன் காத மடிக்கிறேன்."

கண்ணாடிக்குப் பின்னால் படிக்கும் குரல் நின்றது. நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. பிறகு சிறுமியின் அழுகை ஒருமுறை பெரிதாக எழுந்து, எதிலோ முகம் புதைத்ததுபோல் அமுங்கியது. வாண்டு எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினான். பசையக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் மறைத்தபடி நகர்ந்து நின்றார். இடது கையில் அடுக்கியிருந்த புத்தகங்கள் மோவாய்வரை வந்துவிட்டன. மேலே இருந்ததைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடுத்ததை வாங்க வலது கையை நீட்டினார்.