என் வாய் வானொலிக்குப் போன சாயங்காலம்

எங்கள் தொழிலில் யாரும் யாரையும் வேலையை விட்டு அனுப்புவதில்லை. தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்ததும் நெசவாளி முதலாளி வீட்டுக்குப் போய் நிற்பான். மூன்று சேலைக்குரிய நீளத்தில் அடுத்த பாவைச் சுருட்டிக் கொடுத்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். "இப்ப பாவு இல்லபா, அப்புறமா பாக்கலாம்" என்றால் இல்லை என்று அர்த்தம். அந்த 'அப்புறமா' யாருக்காவது வந்ததாகக் காஞ்சிபுரத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

நான் சொல்லப்போகிற புதன்கிழமை சாயங்காலம், என் தறியில் மூன்றாவது சேலை இரண்டு முழம்தான் பாக்கி. அப்படி ஒரு நேரம் பார்த்துத்தான் என் வாய் என்னை விட்டுவிட்டுத் தனியாக வானொலிக்குப் போயிருந்தது.

அதற்கு மூன்று வாரம் முன்பு, வானொலி நிலையத்திலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்து எங்கள் தெருவில் இறங்கினார்கள். நெசவாளர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியாம். கூச்சமில்லாமல் பேசுகிற ஆள் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். தெருவே கையை நீட்டி என் வீட்டைக் காட்டியது. எங்கள் தெரு ஒற்றுமையாகச் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அந்த வயதில் ஒருவனுக்கு வாயை எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்த என் முகத்துக்கு நேராக, வாழைப்பூ அளவில் ஒரு மைக்கை நீட்டினார்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், ஒரு சேலைக்கு எத்தனை நாள் என்றெல்லாம் கேட்டார்கள். ஒழுங்காகச் சொன்னேன். கடைசியாக, "உங்க முதலாளி எப்படிப்பட்டவர்?" என்றார் மைக்கைப் பிடித்திருந்தவர்.

புத்தியுள்ளவன் 'தங்கமானவர்' என்று சொல்லிவிட்டுத் தறி நாடாவைக் கையில் எடுத்து நெய்யப் போயிருப்பான். நான் சொன்னேன்: "அவரா? கரையில ஜரிகை, உள்ள பருத்தி."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இது பிரமாதம், இதை வெச்சுக்கலாம்" என்றார் ஒருவர். பாராட்டு என்றால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். சிரித்துக்கொண்டே ஜீப் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

சத்தியமாக நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெளியே பார்த்தால் எங்கள் முதலாளிக்கு மோதிரம், அத்தர், வாசலிலேயே "வாங்க வாங்க" என்கிற பெரிய குரல். உள்ளே போனால் எங்களைப் போலப் பழைய சோறும் வெங்காயமும்தான். அதைத்தான் சொன்னேன். அதில் பாதி பாசம்கூட இருந்தது. ஆனால் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பட்டு வியாபாரியைப் பற்றிப் 'பருத்தி' என்று சொல்லியிருக்கிறேன். இந்த ஊரில் ஒருவரைத் திருடன் என்றாலும் சிரித்துவிட்டுப் போவார். பட்டில் பருத்தி கலக்கிறவர் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அவர் கடைப் படியை அப்புறம் யாரும் மிதிக்க மாட்டார்கள். அதை நான் தெருமுனையில் சொல்லவில்லை. தமிழ்நாடு முழுவதற்கும் சொல்லியிருக்கிறேன்.

என்றைக்கு ஒலிபரப்பு என்று கடிதம் போடுவதாகச் சொல்லி விலாசம் கேட்டிருந்தார்கள். கௌரவமாக இருக்கட்டும் என்று முதலாளி வீட்டு விலாசத்தைக் கொடுத்துத் தொலைத்திருந்தேன். கார்டு வந்ததும் அவரே அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"இன்னாபா, பெரிய ஆளு ஆயிட்ட. வர்ற புதன்கெழம ஆறரை மணிக்கு நீ பேசுறியாம். எங்க வீட்டு ரேடியோவுலதான் கேக்கணும், ஆமா."

"புதன்கெழமங்களா? வாலாஜாபாத்துல ஒரு காரியங்க. சித்தப்பா தவறிட்டாரு."

"எப்போ?"

நான் தேதி யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அவரு போயி ரெண்டு வருசம் ஆவுது. எந்தச் சித்தப்பாவ சொல்லிக்கினு இருக்க நீ?"

"தெவசத்த இன்னொரு நாளைக்கு வெச்சிக்கலாம்பா" என்று சொல்லிவிட்டு முதலாளி சந்தோஷமாகப் போனார்.

புதன்கிழமை ஆறு மணிக்கே அவர் வீட்டுக் கூடம் நிரம்பிவிட்டது. எங்கள் தெரு முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தது. உட்கார இடம் கிடைக்காதவர்கள் வாசற்படியில் நெருக்கியடித்து நின்றார்கள். அந்த வழியாக ஒரு பூனை வெளியே போக வேண்டுமென்றால்கூட நான்கு பேர் எழுந்து வழிவிட வேண்டும். முதல் வரிசையில் நாற்காலி போட்டு, கல்யாணச் சேலைகளுக்கு ஆர்டர் கொடுக்க மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஜவுளிக்கடைக்காரரை உட்கார வைத்திருந்தார்கள். பருத்தி என்ற சொல்லை யார் காதில் போடவே கூடாதோ, அவர் காது ரேடியோவுக்கு நாலடி தூரத்தில் இருந்தது.

எனக்கு ரேடியோவை ஒட்டியே ஒரு பெஞ்சு. பக்கத்தில் முதலாளி. அவர் கை என் தோள்மேல். "எங்க ஆளு. பதினோரு வருசமா நம்ம தறிதான்" என்று கடைக்காரரிடம் சொன்னார். அந்தக் கையின் கனம் இன்றைக்கும் என் தோளுக்குத் தெரியும்.

ரேடியோவுக்குப் போட்டிருந்த பூ வேலைத் துணியை அவரே எடுத்தார். அதன் குமிழை அந்த வீட்டில் வேறு யாரும் தொடக் கூடாது. திருகினார். உள்ளே விளக்கு மெல்லச் சிவந்தது, பச்சைக் கண் திறந்தது, கரகரவென்று சத்தம் வந்தது. தினமும் அந்த நேரத்துக்குத் தவறாமல் போய்விடுகிற கரண்ட் அன்றைக்கு அசையவில்லை. என்னைப் பார்த்துக் கண் சிமிட்டக்கூட இல்லை.

"வயிறு ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றேன்.

"பின்னால போயிட்டு வா. சட்டுனு வந்துடு."

அந்த 'பின்னால'வுக்காகத்தான் காத்திருந்தேன். நடை தாண்டினால் கொல்லைக் கதவு, அதைத் தாண்டினால் சந்து, சந்தைத் தாண்டினால் நான் சுதந்திர மனிதன். நடையில் திரும்பினால், சுவரிலிருந்து சுவர் வரை மூங்கில் கட்டி, அப்போதுதான் சாயத்திலிருந்து எடுத்த அரக்குப் பட்டு நூல் கழிகளை வரிசையாக உலர்த்தியிருந்தார்கள். சொட்டுச் சொட்டாகத் தரையெல்லாம் சிவப்பு. நான் கட்டியிருந்ததோ அந்த விழாவுக்காக என் மனைவி நீலம் போட்டு வெளுத்துக் கொடுத்த வேட்டியும் சட்டையும். குனிந்து நுழைந்தால் கொலை செய்துவிட்டு ஓடுகிறவன் மாதிரி சந்தில் போய் நிற்பேன். பரவாயில்லை, கொலைகாரனாகவே போகலாம் என்று முடிவு செய்து குனிந்தபோது, கழிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலாளியின் மனைவி ஒரு டம்ளரோடு நிமிர்ந்தார்.

"வயித்துக்குச் சரியில்லன்னு சொன்னது காதுல விழுந்துச்சுபா. ஓமத்தண்ணி. ஒரே மடக்குல குடி."

குடித்தேன். அவரே என்னைக் கூடம் வரைக்கும் அழைத்துக்கொண்டு வந்து விட்டார்.

நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டிருந்தது. தாமல் கிராமத்து விவசாயி ஒருவர் ஏரிக்கரை உடைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஐயா, இன்னும் கொஞ்சம் உடையட்டும், சாவகாசமாகப் பேசுங்கள் என்று அவரை மனதுக்குள் கும்பிட்டேன். பிறகு முழங்கையை நைசாகக் குமிழின்மேல் சாய்த்தேன். விவசாயி விசில் அடித்தார். அவருக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு பெண்மணி இந்தியில் செய்தி வாசித்தார். எனக்கு இந்தி அவ்வளவு இனித்த நாள் வேறு கிடையாது. முதலாளி ஒரே திருகில் முள்ளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, "கைய வெச்சிக்கினு சும்மா இருபா. உன் பேச்சுதான் வரப்போவுது" என்றார்.

அதுதான் தெரியுமே.

"அடுத்து, காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவருடன் சந்திப்பு" என்றது ரேடியோ. டொக் டொக்கென்று தறிச் சத்தம். அது என் தறி. பிறகு மூக்கடைத்த ஒரு ஆள், தான் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிடுவதாகப் பொய் சொன்னான். அது நான்.

"இது நீ இல்லபா" என்றார் தரையிலிருந்து ஒருவர்.

"அவருதான். பொய்ய வெச்சே தெரியல?" என்றாள் என் மனைவி.

கூடம் சிரித்தது. ரேடியோவில் அந்த மூக்கடைப்புக்காரன் இரண்டாவது கேள்விக்குப் போய்விட்டான். அடுத்தது என்ன கேள்வி என்று எனக்குத் தெரியும். அவன் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டால் பாதி பாவம் குறையும் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. எந்தக் கணக்கில் அப்படித் தோன்றியதோ, இன்றுவரை புரியவில்லை. எழுந்து நின்றேன்.

"மொதலாளி, நான் விளையாட்டாதாங்க சொன்னேன்."

"உக்காருய்யா. நீயே குறுக்க பேசினா நீ பேசுறத எப்படிக் கேக்கறது" என்று நாலு பேர் அதட்டினார்கள்.

நான் நிறுத்தவில்லை. "உங்கள கரையில ஜரிகை, உள்ள பருத்தின்னு சொல்லிட்டேங்க. குணத்ததாங்க சொன்னேன், பட்ட சொல்லல. உங்க பட்டுல பருத்தி இருக்குதுன்னு நான் சொல்லவே இல்லைங்க." ரேடியோவைவிட என் குரல் பெரிதாக இருந்தது.

கூடம் கப்சிப்பென்று ஆனது. அந்த அமைதியில் ரேடியோ தெளிவாகப் பேசியது: "இதுவரை காஞ்சிபுரம் நெசவாளர் ஒருவரின் அனுபவங்களைக் கேட்டீர்கள். அடுத்து, வேர்க்கடலைப் பயிரில் பூச்சி மருந்து."

அவ்வளவுதான். முதலாளியைப் பற்றிய கேள்வியையே வெட்டி எறிந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் ஒருவர் காதிலும் விழாத சொல்லை, விழக்கூடாத ஒரே ஆளின் முன்னால், நானே எழுந்து நின்று, விளக்கத்தோடு ஒலிபரப்பியிருந்தேன்.

மெட்ராஸ்காரர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "என்ன சொல்றாரு? பட்டுல பருத்தியா?"

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார். பருத்தி மல் வேட்டி, நாலு விரல் ஜரிகைக் கரை.

"என் வேட்டிய சொல்றான் சார். இந்த வேட்டிமேல இவனுக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு" என்றார். "இன்னாபா, வேணும்னா கேக்க வேண்டியதுதான? அதுக்கு ரேடியோ வரைக்குமா போவணும்?"

முதலில் மெட்ராஸ்காரர் சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், பல் தெரிந்திருக்கும். முதலாளியின் கை மறுபடி என் தோளுக்கு வந்தது. இந்த முறை அது கொஞ்சம் அழுத்தியது. வேர்க்கடலைப் பூச்சி மருந்து முடியும்வரை அசையாமல் உட்கார்ந்து கேட்டேன். எத்தனை பங்கு தண்ணீருக்கு எத்தனை மருந்து என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என் மனைவி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். கதவைத் திறக்கும்போதுதான் கேட்டாள்: "பாவு எத்தன முழம் இருக்குது?"

"ரெண்டு."

"மெதுவா நெய்யி" என்றாள்.

மெதுவாகத்தான் நெய்தேன். இரண்டு முழத்தை நான்கு நாளுக்கு இழுத்தேன். அதற்குமேல் இழுக்க நூல் இல்லை. சேலையை அறுத்து மடித்து எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போய் நின்றேன். அவர் சேலையைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரமாக வைத்தார். 'அப்புறமா' என்ற சொல் அவர் உதட்டுக்கு வருகிறதா என்றே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் உள்ளே போனார். நெடுநேரம் கழித்து ஒரு பாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"மூணு சேலை. முழுக்கப் பட்டு. கரையே கிடையாது."

காஞ்சிபுரத்தில் கரை இல்லாமல் சேலையா என்று வாய்வரை வந்துவிட்டது. "யாருங்க இப்படிக் கேட்டிருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"நான்தான். கரை இருந்தாதான நீ எதாச்சும் சொல்லுவ?" என்றார் முதலாளி.

பாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வழியில் யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாதே என்று, தலையைக் குனிந்தபடி வேகமாக வீட்டுக்கு நடந்தேன்.