ஆண்டியப்பன் பார்த்து வைத்த பன்னிரண்டு பேர்ச்

ஆண்டியப்பனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சொல்வார்கள். தலவாக்கலையில் தேநீரைப் பாதி குடித்தபடி வைத்துவிட்டுப் போனவர், அடுத்த மணி நேரத்தில் நோர்வூட்டில் நின்று போனில் கத்திக்கொண்டிருப்பார். காணி புரோக்கர் வேறெப்படி இருப்பது? ரோட்டோரம் கையகல இடம் இருந்தாலும் விடுதி கட்டலாமா என்று கேட்டுக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்துகொண்டேயிருக்கும் காலம் இது.

தொழிலில் மனிதர் சூரன். காலை பத்து மணிக்குப் பிறகு எந்தக் காணியையும் காட்ட மாட்டார். மூடுபனி ஏறிவிட்டால் மலையாவது, நீர்வீழ்ச்சியாவது, எல்லாம் வெள்ளைத் துணிதான். முதல் நாளே போய்ப் பற்றைப் புதரை வெட்டி, ஏறுவதற்குப் படி கொத்தி, வாசல் வரக்கூடிய இடமாகப் பார்த்து இரண்டு பூச்செடியை ஊன்றிவிடுவார். வருகிறவர் அந்தச் செடிகளுக்கு நடுவில் வந்து நின்றால் போதும், மனதுக்குள் வீட்டைக் கட்டத் தொடங்கிவிடுவார். இப்படி எத்தனையோ பேரைக் காணிக்காரர் ஆக்கிய புண்ணியவான் குடியிருப்பது மட்டும் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில். அதற்கு உறுதிப் பத்திரமும் கிடையாது, ஒரு துண்டுக் கடுதாசியும் கிடையாது.

லயத்துக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. போன வருட மழையில் பூண்டுலோயாப் பக்கம் அப்படியொரு மேடு இறங்கித்தான் அவர் மனைவி பரிமளத்தின் தங்கை குடும்பத்தோடு மண்ணுக்குள் போனாள். அன்றிலிருந்து மழை பிடித்தால் பரிமளத்துக்குக் கை கால் ஓடாது. அடுப்பில் சோறு பொங்கி வழியும், அவள் பின்சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"ஊரானுக்கெல்லாம் எடம் தேடிக் குடுக்குறீங்களே, எனக்கு மண்ணு எறங்காத எடமா ஒண்ணு பாருங்க. தகரக் கொட்டாய் போட்டாலும் போதுங்க" என்றாள்.

பார்த்தார். வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே பன்னிரண்டு பேர்ச் நிலம், சின்ன வீடு ஒன்றுக்குத் தாராளம். அடி முழுக்கப் பாறை, கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும். டவுனில் கடை வைத்திருக்கும் தரணிதரன் முதலாளிக்குச் சொந்தமானது. "தை மாசம் வரைக்கும் ஒனக்காக வச்சிருக்கேன் ஆண்டியப்பா" என்று, காசு சேர்க்க அவகாசம் தந்து வாக்குக் கொடுத்தார் முதலாளி. பரிமளம் அப்போதே போய்ப் பார்க்க ஆசைப்பட்டாள். உறுதி எழுதிய பிறகு அழைத்துப் போகிறேன் என்றுவிட்டார் ஆண்டியப்பன்.

அதன் பிறகுதான் மனிதருக்கு உண்மையான அவஸ்தை. வேறு யாராவது கண் வைத்துவிடுவார்களோ என்ற பயம். வாரத்துக்கு மூன்று தடவை போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். நின்றவரின் கை சும்மா இருந்ததா? பற்றையை வெட்டியது. படி கொத்தியது. வாசலுக்கு இரண்டு பூச்செடியும் ஊன்றியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான், தொழில் பழக்கம் யாரை விட்டது! கார்த்திகையில் ஒருநாள் அந்த வழியாகப் போன கொழும்புக்காரர் ஒருவர் காரை நிறுத்தினார். படியேறிப் போய்ச் செடிகளுக்கு நடுவில் நின்றார். விசாரித்துக்கொண்டு நேராக முதலாளியின் கடைக்குப் போய்விட்டார்.

முதலாளி ஆளனுப்பிக் கூப்பிட்டார். "நீ தை மாசங்குற. இவரு நாளைக்கே எழுதுறேங்குறாரு. நான் வியாபாரி ஆண்டியப்பா, கோவிச்சுக்காத. நீயே கூட்டிட்டுப் போய் எல்லையக் காட்டிரு. ஒன் கமிஷன் ஒனக்கு."

ஆண்டியப்பனுக்கு மனசே இல்லை. ஆனாலும் கூட்டிக்கொண்டு போனார். கொழும்புக்காரர் நாலு மூலையையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மண் எப்படி?"

"சார், ஒங்க நல்லதுக்குச் சொல்றேன். இது ஓடுற மண்ணு. மேல வெடிப்பு விட்டிருக்கு. போன மழையில ஒரு அடி எறங்கிருச்சு."

கொழும்புக்காரர் படியிறங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் கடையில் போய்ச் சொல்ல, கடையில் நின்ற நாலு பேர் கேட்க, பேச்சு ஊருக்குள் புகுந்துவிட்டது. முதலாளி போனில் எரிந்து விழுந்தார். "வாயா அது? இனி எவன் வாங்குவான்? வெலையக் கொறைச்சுத் தர்றேன், நீயே எடுத்துத் தொலை. இந்தக் கெழமைக்குள்ளயே எழுது."

ஆண்டியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, லயத்துப் படிகளில் பையனைப் போலத் தாவி ஏறினார்.

"எடம் அமைஞ்சிருச்சு பரிமளம்! வட்டகொடை எடம்!"

வேலையிலிருந்து வந்த பரிமளம் கொழுந்துக் கூடையைக்கூட இன்னும் இறக்கவில்லை. "அந்த ஓடுற மண்ணுக்கா?" என்றாள். "கொழுந்து நிறுக்குற மடுவத்துல இன்னைக்கெல்லாம் அந்தப் பேச்சுத்தான்."

"அடியே, அது பொய். அந்தாள வெரட்டச் சொன்னது. அடி முழுக்கப் பாறை."

"நொள்ளக் காணிய நல்ல காணின்னு நீங்க சொல்லி ஆயிரந் தடவ கேட்டிருக்கேன். நல்ல காணிய நொள்ளன்னு சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லீங்க."

"மாரியம்மன் மேல சத்தியம், பரிமளம்."

"சத்தியம் பண்ணாதீங்க." அவள் கூடையை இறக்கி வைத்தாள். "என் தங்கச்சி வந்து பயமா இருக்கு மாமான்னு அழுதப்ப, அந்த மேடு அசையாது, நீ போய்ப் படுன்னு சொன்னது யாருங்க?"

ஆண்டியப்பன் அவள் காது வைக்கும் பின்சுவரைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் போன் அடித்தது. எந்த நாளில் எழுதலாம் என்று கேட்டார் முதலாளி.

"வேணாங்க முதலாளி."

"அப்ப நெசமாவே ஓடுதா?"

"இல்லங்க. நல்ல எடம். முழுக்கப் பாறை" என்றார் ஆண்டியப்பன்.

"புரோக்கர் பேச்ச என்கிட்டயேவா?" என்று அந்தப் பக்கம் முதலாளி சிரித்தார்.