மூண்டு மாரி கண்ட உப்பு

எனக்குக் கோவம் மூக்கு நுனியில. அது எங்கட சொந்தபந்தம் முழுக்கத் தெரிஞ்ச விசயம். எத்தினையோ பேரோட எத்தினையோ தரம் கொழுவியிருக்கிறன், ஒண்டுக்கும் வருத்தப்பட்டதில்லை. ஒரே ஒரு கோவத்துக்குத்தான் இண்டைக்கும் என்னை நானே ஏசிக்கொண்டு திரியிறன். அதைத்தான் எழுதப்போறன்.

எழுபதுகளின்ர கடைசி. வெளிநாட்டுச் சாமானுக்கெல்லாம் கதவு திறந்துவிட்ட புதுசு. நான் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மீன் கொட்டிலில வேலை செய்தனான். கறிக்கு வாங்கிற மீன் இல்லை. வெள்ளைக்காரர் வீட்டுக்குள்ள கண்ணாடித் தொட்டியில விட்டு அழகு பார்க்கிற உயிர் மீன். சுழியோடிகள் பிடிச்சுக்கொண்டு வருவினம். நான் அதுகளைக் கொஞ்ச நாள் தொட்டியில வைச்சுத் தேத்தி, பொலித்தீன் பையில காத்தடைச்சுக் கொழும்பு ரயிலுக்கு அனுப்புவன். கொட்டிலில முதலாளியும் நானும்தான். அந்தாள் எதையும் ரெண்டு தரம் சொல்லுவார். ஒருதரம் சொன்னாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

என்ர தம்பியும் ஒரு சுழியோடி. புறாமலைப் பக்கம், சிலிண்டர் ஒண்டும் இல்லாமல் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இறங்கிறவன். ஆவணியில ஒரு நாள் ஆழத்துக்குப் போய், ரெண்டு காதாலயும் ரத்தம் வழிய மேல வந்தான். ஒரு காது சுத்தமாப் போச்சு. மற்றதில பாதி. இனித் தலையைத் தண்ணிக்குள்ள வைச்சால் மிச்சமும் போயிடும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இருபத்தாறு வயசு. கடலைத் தவிர ஒண்டும் தெரியாதவனுக்கு, கரையில நிண்டு பார் எண்டு சொன்னால் அது என்ன சீவியம்?

அண்டைக்கு அந்த ரத்தத்தோடயும் கையில இருந்த பையை அவன் விடேல்லை. பைக்குள்ள ஒரு கல்லு, கல்லில ஒட்டினபடி ஒரு கடல்பூ. பூ எண்டு பேர்தான், அது ஒரு உயிர், விரல் விரலா விரிஞ்சு ஆடும். அதுக்குள்ளேயே ஒளிச்சு வாழுற செம்மஞ்சள் மீன் ஒரு சோடி, உடம்பில வெள்ளைப் பட்டி. அதுதான் அவன் கடைசியாக் கொண்டுவந்தது.

முதலாளி அதை அடுத்த ரயிலிலேயே அனுப்பப் பார்த்தார். "இதில கை வைச்சியளெண்டால் நாளைக்கு வேற ஆளைப் பாருங்கோ" எண்டன். அந்தாள் ரெண்டு தரம் ஏதோ முணுமுணுத்திட்டு விட்டிட்டார். வாசலுக்கு நேர இருந்த பெரிய கண்ணாடித் தொட்டியில அதை விட்டன். ஒவ்வொரு பின்னேரமும் தம்பி வருவான். ஒரு மீன் பெட்டியைக் கவிட்டுப் போட்டு முன்னால குந்தியிருப்பான். கதை இல்லை. ஆர் கதைச்சாலும் அவனுக்குப் பாதிதான் கேக்கும், திருப்பித் திருப்பிக் கத்த எல்லாருக்கும் அலுப்பு. எனக்கும்தான். தேத்தண்ணியைக் கையில குடுப்பன், குடிப்பான். அந்தத் தொட்டி இருக்கும் வரைக்கும் அவன் மனம் விடமாட்டான் எண்டு நம்பினனான். மற்ற மீன் செத்தால் முதலாளியின்ர நட்டம். இது செத்தால் என்ர தம்பி.

பிறகு மாரி பிடிச்சுது. துறைமுகத் தண்ணியில கப்பல் எண்ணெய் படை படையா மிதக்கும், அது எந்தக் காலத்திலயும் தொட்டிக்கு ஆகாது. நாங்கள் வெளிக்கடலில அள்ளிப் பிளாஸ்டிக் பரலில கொண்டு வாறனாங்கள். மாரியில அதுவும் சரிவராது. ஆத்து வெள்ளம் வந்து விழுந்து, கொட்டியாரக்குடாப் பக்கமெல்லாம் பால் விட்ட தேத்தண்ணி மாதிரிக் கிடக்கும். முந்தின வருசம் அந்தக் கலங்கலை விட்டுத்தான் அரைவாசி மீன் செத்தது.

அதுக்காக முதலாளி கொழும்பில இருந்து ரெண்டு மட்டைப் பெட்டி கொண்டு வந்தார். செயற்கைக் கடல் உப்பு. கிணத்துத் தண்ணியில கரைச்சால் கடல் வந்திடுமாம். ரெண்டும் வேற வேற நாட்டுச் சாமான், ரெண்டுக்குள்ளயும் ஒவ்வொரு கடுதாசி. "பிள்ளை, நீ இங்கிலீசு வாசிப்பாய்தானே. எது எங்கட தொட்டிக்குத் தோதெண்டு பார்த்துச் சொல்லு. ஆறுதலா வாசி. ஆறுதலா வாசி."

எனக்கு விசர் தலைக்கேறிச்சுது. மூண்டு பக்கமும் கடல் கிடக்கிற ஊர். இதுக்குள்ள ஆரோ ஒருத்தன் கடலைப் பெட்டியில கட்டி எங்களுக்கே வித்திருக்கிறான், இந்தாள் அதை மடியில வைச்சு ரயிலில கொண்டு வந்திருக்கிறார்! கடுதாசியைப் பார்த்தன். ஒரு பெட்டியில நாலு சாமானின்ர பேர். மற்றதில ஒரு பந்தி நிறைய, மக்னீசியம், கல்சியம், பொட்டாசியம், இன்னும் என்னென்னவோ. பள்ளிக்கூடத்தில எனக்குக் கொட்டாவி வந்த பாடம். மூண்டு வரிக்கு மேல வாசிக்கேல்லை. ரெண்டு கடுதாசியையும் கசக்கி மேசையில எறிஞ்சன்.

"கண்டறியாத உப்பு! நான் நிலாவெளி உப்பளத்தில வளந்தவள். உப்பைப் பற்றி எனக்கு ஒருத்தனும் படிப்பிக்கத் தேவையில்லை. எங்கட உப்பிலயே கரைச்சுக் காட்டுறன்."

"உப்பு வேற, கடல் வேற, பிள்ளை. உப்பு வேற, கடல் வேற."

அந்தாளுக்கு அது எங்கால தெரிஞ்சுதோ, சும்மா வாயில வந்துதோ, இண்டைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் சரியாச் சொன்னார். "செய்யிறதெண்டால் செய். பிறகு என்னில பிழை சொல்லாதை" எண்டிட்டுப் போயிட்டார்.

என்ர அப்பா உப்பளத்தில பாத்தி பார்க்கிறவர். அங்க உப்பு எண்டால் அதுக்கொரு முறை இருக்கு. பாத்தியில உப்பு விளைஞ்ச உடனே மேல நிக்கிற தண்ணியைக் கடலுக்கு வெட்டிவிடுவினம். அந்தத் தண்ணி கசக்கும், நாக்கில வைக்க ஏலாது. பிறகு உப்பை அள்ளிக் குவிச்சு, தென்னோலைக் கிடுகால மூடி, மாரியில விட்டிடுவினம். மழை ஊறி ஊறி மிச்சக் கசப்பும் கழுவுப்பட்டுப் போகும். ஒரு மாரி கண்ட உப்பு கடைக்கு. மூண்டு மாரி கண்டதைத் தங்கட குசினிக்கும் கோயிலுக்கும் எண்டு வைச்சிருப்பினம். அப்பாவுக்கு அதில அப்பிடி ஒரு பெருமை, தன்ர உப்பில கசப்பின்ர வாசமும் வராதெண்டு.

மீனுக்கு உப்பு வேணுமெண்டு அவரிட்டப் போய் நிண்டன். "உயிர் மீனுக்கோ? செத்த மீனுக்குத்தானே நான் உப்புப் போட்டுப் பழக்கம்" எண்டு சிரிச்சார். ஆனால் தம்பியின்ர தொட்டிக்கெண்டு கேட்டவுடனே, அந்த மூண்டு மாரி உப்பில ஒரு சாக்கைக் கட்டிச் சைக்கிளில ஏத்தித் தந்தார். இருக்கிறதில நல்லதை எடுத்துத் தந்தார் மனிசன்.

கிணத்துத் தண்ணியில கரைச்சன். உப்பு அளக்கிற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்தன், கடல்தண்ணிக்கு எந்தக் கோட்டில நிக்குமோ அதே கோட்டில நிண்டுது. தண்ணியெண்டால் தண்ணி, அப்பிடித் தெளிவு. காலமையோட பழைய தண்ணியை எல்லாம் இறைச்சுப்போட்டு இதை விட்டன். முதலாளியைக் கூப்பிட்டு, "வெள்ளைக்காரனின்ர பெட்டியைத் திருப்பி அனுப்புங்கோ" எண்டு பெருமையா நெளிப்புக் காட்டினன். அண்டைக்குப் பின்னேரம் தம்பி வரேல்லை, காய்ச்சல்.

அடுத்த நாள் காலமை கடல்பூ சுருங்கிக் கிடந்துது. மீன் ரெண்டும் ஒரு மூலையில செவுளை அடிச்சுக்கொண்டு நிண்டுதுகள். புதுத் தண்ணி, பழகும் எண்டன். மத்தியானம் கடல்பூ கல்லை விட்டுக் கழண்டு, கஞ்சியில போட்ட துணி மாதிரி அடியில கிடந்துது. அப்பத்தான் பந்தி நிறையப் பேர் இருந்த கடுதாசியை நிமித்தி மிச்சத்தையும் வாசிச்சன். மக்னீசியம் கசக்கும் எண்டு அதில போட்டிருந்துது. கல்சியம் இல்லாட்டில் ஒரு உயிரும் நிக்காது எண்டு போட்டிருந்துது. அட விசரி! அப்பா முப்பது வருசமாக் கடலுக்கு வெட்டிவிட்ட அந்தக் கசப்புத் தண்ணிதானடி உந்த நீளப் பட்டியல். கடலில மீனுக்கு வேண்டியதை எல்லாம் தேடிப் பிடிச்சுக் கழுவி எடுத்த உப்பைக் கொண்டுவந்து, இந்தா கடல் எண்டு அதுகளின்ர தலையில ஊத்தியிருக்கிறன்.

நீளப் பட்டியல் இருந்த பெட்டியைப் பல்லால கடிச்சுத்தான் உடைச்சன். ஒரு பிளாஸ்டிக் பேசினில கரைச்சு, மீன் ரெண்டையும் அள்ளி அதுக்குள்ள விட்டன். ஒண்டு விட்ட கையோட பிரண்டுது. மற்றது அதைச் சுத்திச் சுத்தி வந்திட்டு, நாலு மணிபோல அதுவும் போச்சு. முதலாளி கதவடியில நிண்டு பார்த்தார்.

அப்ப தம்பி வந்தான். ஒண்டையும் மறைக்க எனக்கு நேரம் இருக்கேல்லை. பேசினைப் பார்த்தான். பெரிய தொட்டியடிக்குப் போய் வெறுங் கல்லைப் பார்த்தான். பிறகு விரலைத் தண்ணியில தோய்ச்சு நாக்கில வைச்சான்.

"அக்கா, இது கடல் இல்லையே" எண்டான். "கடலெண்டால் அடித்தொண்டையில கசக்கும். இதில கசப்பே இல்லை."

ஏசினானெண்டால் தாங்கியிருப்பன். அறைஞ்சிருந்தாலும் தாங்கியிருப்பன். கவிட்டுப் போட்ட பெட்டியை நிமித்திச் சுவரோட வைச்சிட்டுப் போனான். அதுக்குப் பிறகு அந்தக் கொட்டிலுக்கு அவன் வரவே இல்லை.

எனக்கு முதலாளியில கோவம், பெட்டி செய்தவனில கோவம், என்னில கோவம். எல்லாம் ஒரு கணக்கு. ஆனால் நெஞ்சை அறுக்கிறது வேற. பத்து வருசம் கடலைக் குடிச்சுக் குடிச்சு வளந்தவன் ஒவ்வொரு பின்னேரமும் என்ர கண்ணுக்கு முன்னால குந்தியிருந்தவன். அவனுக்குப் போனது காது, நாக்கில்லை. நான் தண்ணியை மாத்தாமல் அவன் வரும் வரைக்கும் பொறுத்து, ஒரு சொட்டை நாக்கில வைச்சுப் பாரடா எண்டு கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். எனக்குக் கேக்கத் தோணவே இல்லை. அவனுக்கு எதையும் ரெண்டு தரம் சொல்லவேணும், எனக்கு அது அலுப்பு.