இரண்டு வரிகளில் ஒரு பெயர்

விமான் நகர் ஆபீசில் ஜப்பானியப் பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. அந்த மொழி எனக்குப் படிக்கத் தெரியாது. முற்றுப்புள்ளி வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது என்பது போன்ற விதிகளை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நான் சரிபார்ப்பேன்.

இன்று காலை ஆகுர்டி தொழிற்சாலையிலிருந்து ஒரு பக்க அறிவிப்பு வந்தது. அவசரம் என்றார்கள். பத்து நிமிடத்தில் முடித்து அனுப்பினேன்.

மதியம் அங்குள்ள மொழிபெயர்ப்பாளர் அன்வர் அழைத்தார்.

"அக்கா, மூணாவது வரி பாத்தீங்களா?"

"பாத்தேனே. ரூல் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"கடைசி ரெண்டு எழுத்து ஒருத்தரோட பேரோட ஆரம்பம், அக்கா. போன வாரம் பிளான்ட்ல இறந்துபோன இன்ஜினியர். மீதி எழுத்து அடுத்த வரிக்குப் போயிருச்சு."

"மாத்திடறேன். இன்னும் ஒட்டலையே?"

"ஒட்டியாச்சு. அவரோட வீட்டம்மா ஜப்பான்ல இருந்து வந்திருக்காங்க. அந்த அறிவிப்புக்கு முன்னாடிதான் நின்னாங்க. பேரு உடைஞ்ச இடத்துல மேல் வரில ஒரு விரல், கீழ் வரில ஒரு விரல் வச்சுப் பாத்தாங்க. அவ்வளவுதான்."

பெயரை உடைக்காமல் வைக்க மென்பொருளில் வசதி இருக்கிறது. ஒரு நொடி வேலை. எது பெயர் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

திருத்தி அனுப்பிவிட்டேன்.

என் பயோடேட்டாவில் 'ஜப்பானிய மொழியில் பத்து வருட அனுபவம்' என்று இருக்கிறது. அதை எப்படித் திருத்துவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.