தரையில் விட்டுவந்த நான்கு போல்ட்டுகள்

அம்மா இறந்த அன்று, வந்திருந்த கூட்டத்தில் மூன்று பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நரைத்த தலையோடு ஒருவர், நடுவயதுக்காரர் ஒருவர், ஓர் இளம்பெண். அத்தை என் காதில் கிசுகிசுத்தாள்.

"யாருடா இவங்க? உங்கப்பா வழிச் சொந்தமா, அம்மா வழியா?"

அருகில் போனேன். நரைத்தவர், "ஏழாம் நம்பர் ஷெட்டு" என்றார். புரிந்துவிட்டது.

அம்மா ரப்பர் வாஷர் செய்தவர். தண்ணீர் பம்புக்குள் கசிவை அடைக்கும் கறுப்பு வளையங்கள். அப்பா போன பிறகு வீட்டுப் பின்னறையில் கைப்பிரஸ் வைத்துத் தொடங்கினார். ரப்பர் தீயும் நாற்றத்துக்கு அக்கம்பக்கத்தில் யாரும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போதுதான் அரசுத் தொழிற்பேட்டையில், புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குக் குறைந்த வாடகையில் ஷெட் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, காலம் முடிந்ததும் காலி செய்து அடுத்தவருக்கு விட வேண்டும்.

உள்ளே போன முதல் நாளே அம்மாவின் கால் இடறியது. தரையில் நான்கு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"எந்தப் புண்ணியவான் விட்டுட்டுப் போனானோ!" என்று விரலைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

பெரிய பிரஸ்ஸை நிறுத்த வந்த ஃபிட்டர் குனிந்து பார்த்தார். "திட்டாதீங்கக்கா. மண்ணு கொட்டி நிரப்பின இடம் இது, புதுசா கான்கிரீட் போட்டா உட்கார்ந்துரும். இந்த ஆளு ஆழமா போட்டு வச்சிருக்கான்."

பிரஸ்ஸின் அடித்தகட்டில் அந்த போல்ட்டுகளுக்கு ஏற்ப ஓட்டை போட்டார்கள். அதன் பிறகும் அம்மா அந்த ஆளைப் புண்ணியவான் என்றேதான் சொன்னார், ஆனால் இப்போது மனதாரச் சொன்னார்.

காலம் முடிந்தது. பேட்டையின் புதுப் பகுதியில் அம்மாவுக்குச் சொந்த மனை ஒதுக்கியிருந்தார்கள். கட்டடமும் எழும்பிவிட்டது, மின்சாரம்தான் வரவில்லை. சரக்கு நின்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று பம்பு கம்பெனி சொல்லிவிட்டது. அவர்களை விட்டால் வேறு பெரிய ஆர்டர் இல்லை.

பக்கத்து ஷெட் லேத்துக்காரர் வழி சொன்னார். "காலி பண்ணச் சொல்லாம கோர்ட்டுல ஸ்டே வாங்குங்கக்கா. கேஸ் முடியறதுக்குள்ள உங்க பேரனுக்குக் கல்யாணமே ஆயிரும்."

"எனக்கு முன்னாடி இருந்தவன் ஸ்டே வாங்கியிருந்தா, நான் இன்னும் பின்னறையிலதான்யா இருந்திருப்பேன்."

ஷெட்டைத் திரும்ப ஒப்படைப்பதற்கு முன் பேட்டை மேலாளர் பார்வையிட வந்தார். கூடவே அடுத்து வரப்போகிறவர், கதவுக் கீல் செய்யப்போகிற இளைஞர். அம்மா வேலையை நிறுத்தவில்லை. பிரஸ்ஸை எடுத்ததும் நான்கு போல்ட்டுகளும் வெளியே நிற்கும் என்று மட்டும் காட்டினார்.

"தரை சமமா இருக்கணும்மா, அதான் ரூலு. வெட்டி எடுத்துருங்க" என்றார் மேலாளர்.

"வெட்டிரலாம் சார். அப்புறம் இந்தத் தம்பி தன் மெஷினை எங்க நிறுத்துவாரு, உங்க மேசை மேலயா?"

இளைஞர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கையோடு கொண்டுவந்த டேப்பால் போல்ட்டுகளின் இடைவெளியை அளந்தார். பிறகு தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அக்கா, எனக்குக் கடன் கிடைச்சிருச்சு, மெஷின்தான் இன்னும் வரல. அது வர்ற வரைக்கும் உங்க பிரஸ்ஸு இங்கயே ஓடட்டுமே."

அம்மா மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கூரையைப் பார்த்தார்.

"உள்வாடகைக்கு விடக்கூடாது. வாடகை வாங்குவீங்களா தம்பி?"

"இல்ல சார். அக்கா டீ குடுத்தா குடிப்பேன்."

"டீ வாடகைல வராது."

மேலாளர் தரையைப் பற்றி, 'அடித்தளம் அடுத்தவருக்குப் பயன்படும் நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

மின்சாரம் வரும்வரை ஏழாம் நம்பரிலேயே பிரஸ் ஓடியது. ஒரு ஆர்டரும் தவறவில்லை. நான் பொறியியல் படித்ததும் இந்த வீடு எழுந்ததும் அந்த வாஷர்களால்தான். முதலில் போல்ட் பதித்த மனிதரை அம்மா பேட்டை முழுக்க விசாரித்தார். கடைசிவரை கிடைக்கவில்லை. "கவர்மெண்டு கூரை குடுத்துச்சு. தரை குடுத்தவன் யாருன்னே தெரியலையேடா" என்பார்.

நரைத்தவர்தான் அந்தக் கீல்காரர். அவருக்குப் பின் நடுவயதுக்காரர் அங்கே இருந்திருக்கிறார். இப்போது அந்தப் பெண்.

"அந்த நாலு போல்ட்டுக்கும் துருப்பிடிக்காம கிரீஸ் போட்டு வச்சிருக்கேண்ணா. நான் போகும்போதும் அப்படியே விட்டுட்டுத்தான் போவேன்" என்றாள்.

"போல்ட்டு மரை தேயலையே?" என்றேன்.

"தேயலண்ணா."

அத்தையிடம் திரும்பி வந்தேன். அத்தை விடவில்லை.

"கேட்டியாடா? யாரு வழியாம்?"

"ஷெட்டு வழி, அத்தை."

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூவரையும் பார்த்து நகர்ந்து இடம் விட்டாள்.

"அங்கயே நின்னா எப்படி? முன்னாடி வந்து உட்காருங்க."